கண்ணில் ஊரும் புழுவும் வீட்டு நாயும்

கேரளத்திலும் இலங்கையிலும் பணியாற்றும் கண் மருத்துவர்கள் எப்போதாவது சந்திக்கும் ஒரு நோயாளி உண்டு. சில நாள்களாகக் கண் சிவந்திருக்கிறது, உறுத்துகிறது, உள்ளே ஏதோ ஊர்வது போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவர் வருவார். விளக்கொளியில் உருப்பெருக்கிப் பார்த்தால், விழியின் வெண்பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு அடியில் வெளிறிய, நீண்ட, மெலிந்த ஒன்று நெளிந்து இடம் மாறிக்கொண்டிருக்கும். சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்து, சவ்வில் சிறு கீறல் இட்டு, இடுக்கியால் பற்றி இழுத்தால், பல சென்டிமீட்டர் நீளமுள்ள புழு உயிரோடு வெளியே வரும். பெரும்பாலும் அத்துடன் நோய் தீர்ந்துவிடுகிறது. பார்வைக்குக் கேடு நேர்வது அரிது. அந்தப் புழுவின் பெயர் டைரோஃபைலேரியா ரீபன்ஸ். அதன் இயல்பான இருப்பிடம் நாயின் தோலடித் திசு. மனிதரின் கண்ணுக்கு அது வழி தவறி வந்து சேர்கிறது.

இத்தகைய செய்தி படத்தோடு நாளிதழில் வெளிவரும்போதெல்லாம் நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரே பேச்சுத்தான் எழுகிறது. எங்கள் வீட்டிலும் எழுந்தது. “சின்னப் பிள்ளைகள் புழங்குகிற வீட்டில் நாய் எதற்கு? எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்று என் அத்தை அக்கறையோடு சொன்னார். அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், வீட்டு நாயைத் தெருவில் விட்டுவிடுவதால் இந்தப் புழு நம் பிள்ளைகளை அடையும் வாய்ப்பு சிறிதும் குறைவதில்லை, கூடுவதற்கே இடமுண்டு. நாயின் உடலிலிருந்து மனித உடலுக்கு வந்து சேர ஒவ்வோர் ஒட்டுண்ணிக்கும் தனி வழி இருக்கிறது. கொசு ஒரு வழி, மண் ஒரு வழி, இறைச்சிக் கழிவு ஒரு வழி. நாயைத் தொடுவதும் தடவிக்கொடுப்பதும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழியே அல்ல. எந்த வழியை எப்படி அடைப்பது என்று தெரிந்துகொண்டால் நாயையும் காக்கலாம், பிள்ளைகளையும் காக்கலாம்.

மேலே சொன்ன புழுவுக்கு நெருங்கிய உறவினன் ஒன்று உண்டு. உலகெங்கும் இதயப்புழு என்று அறியப்படும் டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் அது. அமெரிக்க அறிஞர் ஜோசஃப் லீடி 1856-இல் அதை விவரித்துப் பெயரிட்டார். பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். நாயின் நுரையீரல் தமனிகளிலும், மிகுந்துபோனால் இதயத்தின் வலப்பக்க அறைகளிலும் தங்கி, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் உயிர்வாழும். தொடக்கத்தில் நாய் எந்தக் குறியும் காட்டுவதில்லை. பிறகு இருமுகிறது, சற்று ஓடினாலே களைக்கிறது, நோய் முற்றினால் வயிற்றில் நீர் கோக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் நாய் வளர்ப்போர் நன்கறிந்த நோய் இது. இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களின் நாய்களிடம் அதிகம் காணப்படுகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மனிதர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது முன்னர்ச் சொன்ன ரீபன்ஸ் வகை. இது இதயத்துக்குச் செல்லாமல் தோலுக்கு அடியிலேயே தங்கிவிடுவதால் நாய்க்குப் பெரிய துன்பம் தருவதில்லை. அதனாலேயே அது நாயிடம் இருப்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

இரண்டும் பரவுவது கொசுவால் மட்டுமே. யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதைச் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன் 1877-இல் கண்டார். நாயின் இதயப்புழுவும் அவ்வாறே கொசுக்கடியால்தான் பரவுகிறது என்பதை இத்தாலியர்களான கிராஸியும் நோயேவும் 1900-இல் நிறுவினர். பெண் புழு ஈனும் நுண்புழுக்கள் நாயின் இரத்தத்தில் மிதக்கின்றன. கொசு அந்த இரத்தத்தைக் குடிக்கும்போது அவை அதன் உடலுக்குள் செல்கின்றன. வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இருமுறை தோலுரித்து, தொற்றவல்ல இளம்புழுக்களாகிக் கொசுவின் வாயுறுப்புக்கு வந்து காத்திருக்கின்றன. கொசு அடுத்து யாரைக் கடிக்கிறதோ அவருடைய தோலின் மேல் இறங்கி, கடித்த துளை வழியாக உள்ளே நுழைகின்றன. கொசுவின் உடலுக்குள் கழியும் இந்த இரண்டு வாரம் இல்லாமல் புழுவின் வாழ்க்கை மேலே செல்லவே முடியாது. நோயுற்ற நாயின் இரத்தத்தை இன்னொரு நாய்க்கு ஏற்றினால்கூட அதிலுள்ள நுண்புழுக்கள் பெரிய புழுக்களாக வளர்வதில்லை. ஆகவே நாய் நக்கினாலோ, மடியில் படுத்தாலோ, கடித்தாலோகூட இந்தப் புழு நம்மிடம் வராது. பக்கத்துத் தெருவில் திரியும் நாயைக் கடித்த கொசு நம் படுக்கையறைக்குள் நுழைந்தால் வரும். நாயே வளர்க்காதவர்களுக்கும் இந்நோய் வருவது இதனால்தான்.

மனித உடல் இப்புழுக்களுக்கு ஏற்ற இடமன்று. உள்ளே நுழையும் இளம்புழுக்களில் மிகப் பெரும்பாலானவை நம் எதிர்ப்பாற்றலால் அழிந்துவிடுகின்றன. எப்போதாவது ஒன்று தப்பிப் பிழைத்து ஓரளவு வளர்கிறது. ஆனால், இணையும் இல்லாமல் முதிர்ச்சியும் எய்தாமல் போவதால் பொதுவாக நம் இரத்தத்தில் நுண்புழுக்கள் தோன்றுவதில்லை. எனவே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இந்நோய் பரவுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இதயப்புழு மனிதரை அடையும்போது நேரும் துன்பத்தில் புழுவின் பங்கைவிட ஐயத்தின் பங்கே பெரிது. தப்பிய இளம்புழு நுரையீரல் தமனியின் சிறு கிளை ஒன்றில் சிக்கி இறக்கிறது. அதைச் சுற்றித் திசு தடித்து ஒரு முடிச்சாகிறது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரே படத்தில் அது நாணய வடிவ நிழலாகத் தெரிகிறது. புகைபிடிக்கும் பழக்கமுள்ள ஐம்பது வயதுக்காரரின் படத்தில் அப்படி ஒரு நிழல் தெரிந்தால் மருத்துவர் புற்றுநோயை நினைத்தே ஆக வேண்டும். மார்பைத் திறந்து அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகுதான் அது செத்த புழு என்று தெரியவருகிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பல குறிப்புகள் உள்ளன. நோய் தீங்கற்றது என்று பாடநூல்கள் எழுதும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவுகளை அந்தக் குடும்பம் எப்படிக் கழித்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரீபன்ஸ் வகையின் போக்கு வேறு. அது தோலடித் திசுவில் மெல்ல ஊர்ந்து, கண்ணிமையிலோ கன்னத்திலோ மார்பிலோ கையிலோ ஒரு கட்டியாக நிலைகொள்கிறது. சில நேரங்களில் கட்டி இடம் மாறும். நேற்று இமையில் இருந்தது இன்று நெற்றிப்பொட்டில் இருக்கும். இலங்கையில் இந்நோய் குறித்துப் பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்கவும் அவருக்குப் பின் வந்த ஒட்டுண்ணியியல் ஆய்வாளர்களும் நிறைய எழுதியுள்ளனர். அங்கே நோயுறுவோரில் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கணிசமானோர் என்பதும், ஆண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்புப் பகுதியில் கட்டி தோன்றுவதுண்டு என்பதும் அவர்கள் கவனித்துச் சொன்னவை. தமிழ்நாட்டிலும் கண்ணிலும் தோலிலும் இப்புழு கண்டெடுக்கப்பட்டுள்ளது. கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டி, சீழ்க்கட்டி என்று ஏதாவது ஒரு பெயரில் வெட்டி எடுக்கப்பட்டு, ஆய்வுக்கு அனுப்பப்படாமல் குப்பைக்குப் போனவை எத்தனையோ இருக்கக்கூடும். ஆய்வுக்குச் சென்றால் அடையாளம் காண்பது கடினமன்று: ரீபன்ஸ் புழுவின் மேற்தோலில் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள் இருக்கும், இதயப்புழுவின் மேற்தோல் வழவழப்பானது. அண்மைக்கால மரபணுச் சோதனைகள் இன்னொன்றையும் காட்டியிருக்கின்றன. ரீபன்ஸ் என்று கருதப்பட்ட புழுக்களில் சில, 2012-இல் ஹாங்காங்கில் விவரிக்கப்பட்ட நெருங்கிய உறவுடைய வேறொரு வகையைச் சேர்ந்தவை. கேரளத்தில் கிடைத்த புழுக்களிலும் அவ்வகை உண்டு.

நம் பகுதியில் இது ஏன் இவ்வளவு இயல்பாக நிலைத்திருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள யானைக்கால் நோய் ஒழிப்பை நினைத்துப் பார்ப்பது உதவும். வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்த அந்தத் திட்டம் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். மனிதரின் இரத்தத்திலுள்ள நுண்புழுக்களை அழித்துவிட்டால், கொசு எத்தனை பேரைக் கடித்தாலும் கொண்டுசெல்ல அதனிடம் எதுவும் இராது என்பதே அதன் அடிப்படை. யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இலங்கை நீக்கிவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 2016-இல் உறுதிசெய்தது. மகத்தான சாதனை அது. ஆனால், அந்த மாத்திரை மனிதர்களுக்குத்தான் கொடுக்கப்பட்டது. நாய்களின் இரத்தத்தில் உள்ள நுண்புழுக்களை யாரும் தொடவில்லை. அவற்றைச் சுமக்கும் கொசுக்களும் குறையவில்லை. மனிதப் புழு விலகிய இடத்தில் நாய்ப் புழு அப்படியே இருக்கிறது. நாய்களுக்கு மருத்துவம் செய்வது நாய் வளர்ப்போரின் தனிப்பட்ட ஆசை, பொதுச் சுகாதாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை நான் உணர்ந்தது இங்கேதான்.

இதயப்புழுத் தடுப்புக்கு உலகெங்கும் பயன்படும் மருந்துகளில் முதன்மையானது ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரியிலிருந்து வில்லியம் காம்ப்பெல்லின் ஆய்வுக்குழு உருவாக்கிய மருந்து இது. இருவரும் 2015-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். மாதம் ஒருமுறை மிகச் சிறிய அளவில் கொடுத்தால், முந்தைய மாதத்தில் கொசு வழியாக உள்ளே வந்த இளம்புழுக்களை அது கொன்றுவிடும். வளர்ந்த புழுவை உடனே கொல்லாது. ரீபன்ஸ் வகைக்கு மோக்ஸிடெக்டின் நன்கு பயன்படுகிறது. இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் “பூச்சி மருந்து கொடுத்தாயிற்று” என்று சொல்லும்போது பெரும்பாலும் நாம் குறிப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் குடற்புழு மாத்திரையை. அது குடலில் உள்ளவற்றுக்கு மட்டுமே. இரத்தத்திலும் தோலடியிலும் உள்ள இந்தப் புழுக்களை அது தடுப்பதில்லை. கால்நடை மருத்துவரிடம் தனியாகக் கேட்டால்தான் இந்தத் தடுப்பு கிடைக்கும். தொடங்குவதற்கு முன் நாயின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். இரத்தத்தில் நுண்புழுக்கள் மிகுந்திருக்கும் நாய்க்கு மருந்தைக் கொடுத்து அவை ஒரேயடியாகச் சாகும்போது நாய் அதிர்ச்சி நிலைக்குச் செல்லக்கூடும். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு மரபணுக் குறை ஒன்று இருப்பதால் ஐவர்மெக்டின் மூளைக்குள் புகுந்துவிடும். தடுப்புக்கான சிறிய அளவை அவை தாங்கும். சொறிக்குப் போடும் பெரிய அளவு அவற்றின் உயிருக்கே ஆபத்தானது.

கொசுவின் வழி இது. மண்ணின் வழியாக வருவது, குழந்தைகள் உள்ள வீட்டினர் இதைவிடக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டியது என்பேன்.

டாக்ஸோகாரா கேனிஸ் என்பது நாயின் சிறுகுடலில் வாழும் உருண்டைப்புழு. தாய்நாயின் தசையில் உறங்கிக் கிடக்கும் இதன் இளம்புழுக்கள் சினைக்காலத்தின் பிற்பகுதியில் விழித்தெழுந்து, நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள குட்டிகளுக்குள் செல்கின்றன. பிறந்த பிறகு பால் வழியாகவும் செல்கின்றன. அதனால் ஏறத்தாழ எல்லாக் குட்டிகளுமே புழுவோடுதான் பிறக்கின்றன என்று கருதிக்கொள்வது நல்லது. தெருவோரத்தில் பிறந்த குட்டிக்கு வயிறு மட்டும் உப்பி, உடல் மெலிந்து, முடி மங்கிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 2,00,000 முட்டைகள் வரை இடும். மலத்தோடு வெளியே வரும்போது அந்த முட்டை யாருக்கும் தொற்றாது. மண்ணில் ஈரத்தோடும் நிழலோடும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் கிடந்த பிறகுதான் உள்ளே இளம்புழு உருவாகும். உருவான பின் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். ஃபினாயில் போன்றவற்றுக்கு அசைந்துகொடுக்காது. நாயின் முடியில் முட்டை ஒட்டியிருப்பதுண்டு என்றாலும், அங்கே அது தொற்றும் நிலைக்கு முதிர்வது குறைவு. ஆபத்து இருப்பது மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும் குழந்தைக்கு.

குழந்தையின் வயிற்றுக்குள் சென்ற முட்டை பொரிந்து, இளம்புழு குடல் சுவரைத் துளைத்து வெளியேறுகிறது. நாயின் உடலில் இருந்தால் அது போக வேண்டிய இடத்துக்குப் போய் வளர்ந்திருக்கும். மனித உடலில் வளரவும் முடியாமல் சாகவும் மனமின்றி ஈரல், நுரையீரல், மூளை என்று அலைகிறது. நீங்காத காய்ச்சல், வீங்கிய ஈரல், இரத்தத்தில் மிக உயர்ந்த ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் ஆகியவற்றோடு துன்புற்ற குழந்தைகளுக்கு இதுவே காரணம் என்பதை நியூ ஆர்லியன்ஸில் பால் பீவரும் உடன் பணியாற்றியவர்களும் 1952-இல் வெளியிட்டனர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கண் பற்றிய செய்தி வெளிவந்துவிட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. விழித்திரைப் புற்றுநோய் என்று ஐயுற்று அகற்றப்பட்ட கண்களை வாஷிங்டனில் நோயியல் ஆய்வாளர் ஹெலனோர் வைல்டர் சீவல் சீவலாக மறுபடி ஆராய்ந்தார். 46 கண்களில் 24-இல் புற்றுநோய் இல்லை. உருண்டையான நுண்ணிய இளம்புழுவோ அதன் எச்சமோ இருந்தது. அவை கொக்கிப்புழுவின் குஞ்சுகள் என்றே முதலில் கருதப்பட்டன. பிறகு 1956-இல்தான் அவை டாக்ஸோகாரா என்று இனங்காணப்பட்டது. உயிரைக் காப்பதற்காக என்று நம்பி மருத்துவர்கள் எடுத்த கண்கள் அவை. இன்று கண் மருத்துவர்கள் ஒரு குழந்தையின் விழிக்குள் வெண்மையான திரட்சியைப் பார்த்தால் இதையும் எண்ணிப் பார்க்கிறார்கள் என்றால், அந்தப் பெண்மணியின் பொறுமையே அதற்குக் காரணம்.

இந்த வழியை அடைப்பது எளிது, செலவும் குறைவு. குட்டிக்கு இரண்டாம் வாரத்திலேயே குடற்புழு மருந்தைத் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பால் மறக்கும் வரை கொடுத்து, பிறகு ஆறு மாதம் வரை மாதந்தோறும் தொடர வேண்டும். தாய்க்கும் உடன் கொடுக்க வேண்டும். நம் ஊரில் பலர் குட்டியை வாங்கி வந்து, தடுப்பூசிக்குப் போகும்போதுதான் முதன்முதலாகப் புழு மருந்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அதற்குள் முற்றத்து மண்ணில் முட்டைகள் விழுந்துவிட்டிருக்கும். மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் முட்டைக்குத் தேவையான அந்த இரண்டு வாரம் கிடைக்காது. தெருவில் நாயை நடத்திச் செல்வோர் பையை எடுத்துச் செல்ல வேண்டும் என்று நான் விடாமல் வற்புறுத்துவது இதனால்தான்.

மண்ணின் வழியாகவே வரும் நாய், பூனைக் கொக்கிப்புழுக்கள் வாயை நாடுவதில்லை. வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்கின்றன. ஈரமான கடற்கரை மணலில் நாயும் பூனையும் மலம் கழித்த இடத்தில் அமர்ந்தவருக்கும் நடந்தவருக்கும், தோலில் சிவந்த கோடொன்று வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும். அரிப்பு இரவில் உறங்கவிடாது. அல்பெண்டசோலுக்கோ ஐவர்மெக்டினுக்கோ அது விரைவில் அடங்கிவிடும். இக்குடும்பத்தில் இலங்கையின் பெயரையே தாங்கிய ஒன்றும் உண்டு: 1911-இல் ஆர்தர் லூஸ் இலங்கையின் புனுகுப்பூனையிடம் கிடைத்த புழுவை ஆராய்ந்து ஆன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்று பெயரிட்டார். மற்ற விலங்குக் கொக்கிப்புழுக்கள் மனிதத் தோலோடு நின்றுவிட, இது மட்டும் நம் குடலில் முழுப் புழுவாக வளர்ந்து முட்டையிட்டு இரத்தம் குடிக்க வல்லது. ஆசியாவின் நாய்களிடம் இது பரவலாக உள்ளது.

இறைச்சிக் கழிவின் வழியாக வருவது எக்கினோகாக்கஸ் என்னும் மிகச் சிறிய நாடாப்புழு. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நீர்க்கட்டிகளை நாய் தின்றால் நாயின் குடலில் புழு வளரும். நாயின் மலத்தில் வெளியாகும் முட்டை கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ மனித வயிற்றுக்குச் சென்றால், ஈரலில் ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெருக்கும் நீர்க்கட்டி உருவாகும். ஒருகாலத்தில் ஐஸ்லாந்து இந்நோயால் மிகுந்த துன்புற்றது. டேனிய அறிஞர் ஹரால்ட் கிராபே 1863-இல் அங்கே சென்று ஆராய்ந்து எழுதிய சிறுநூல் வீடுகள்தோறும் வழங்கப்பட்டது. ஆடு அறுத்த கழிவை நாய்க்குப் போடாமல் புதைப்பதோ எரிப்பதோ நாட்டின் வழக்கமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் நோயே அங்கிருந்து மறைந்தது. இறைச்சிக் கடை வாசலில் வேண்டாத உறுப்புகளைத் தெருநாய்க்கு எறிவதைப் பார்க்கும்போது நான் நின்று பேசாமல் நகர்வதில்லை. அது நாய்க்குச் செய்யும் கருணை என்று கடைக்காரர் நினைக்கிறார். நன்கு வேக வைத்துக் கொடுத்தால் உண்மையிலேயே கருணைதான்.

பூனையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள், குறிப்பாகக் கருவுற்ற பெண்களின் வீட்டார். டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியைப் பூனை தன் வாழ்நாளில் பெரும்பாலும் முதல் தொற்றின்போது மட்டும், ஒன்றிரண்டு வாரங்கள் மலத்தில் வெளியிடுகிறது. அதுவும் வெளியேறி ஒரு நாளாவது ஆன பிறகே தொற்றும் ஆற்றல் பெறுகிறது. மலத் தட்டை நாள்தோறும் வீட்டில் வேறொருவர் தூய்மை செய்தால் போதும். சரியாக வேகாத இறைச்சியும், கையுறை இல்லாமல் தோட்ட மண்ணைக் கிளறுவதும் கருவுற்ற பெண்ணுக்குப் பூனையைவிடக் கூடுதலாக அஞ்ச வேண்டியவை. பூனையை வெளியேற்றச் சொல்லி அவரை அழவைப்பவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, கட்டியோ கண் உறுத்தலோ என்று மருத்துவரிடம் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். டைரோஃபைலேரியா நோயில் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஈசினோஃபில் உயராமலும் இருக்கலாம். ஆகவே கட்டி இடம் மாறியது என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் ஒவ்வொரு நாளும் படம் எடுத்து வைத்திருங்கள். புழு வெளியே எடுக்கப்பட்டால் அதை எறிந்துவிடாமல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறைக்கு அனுப்பும்படி கேளுங்கள். ஃபார்மலினில் போட்டால் மரபணுச் சோதனை கடினமாகிவிடும்; ஒரு துண்டையாவது ஆல்கஹாலில் வைக்கச் சொல்ல வேண்டும். எந்தப் பகுதியில் எந்த வகைப் புழு இருக்கிறது என்பது அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் தெரியவரும். வீட்டில் நாய் இருந்தால் அதே வாரத்தில் அதன் இரத்தத்தையும் சோதித்துவிடுங்கள். நுண்புழு இருந்தால் மருத்துவம் செய்யலாம், இல்லையென்றால் அன்றே மாதாந்தரத் தடுப்பைத் தொடங்கிவிடலாம்.